த்ரொம்போசைட்டோபீனியாவைத் துண்டு துண்டாகச் சொல்லுதல்

ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சொல்லின் ஒரு துண்டைச் சொன்னாராம் அத்தான், என் அக்காவின் புருஷன். த்ரொம். போ. சைட். டோ. பீ. னி. யா. தோணி வலிக்கிற சவளால், அக்காவின் முதுகிலும் தோளிலும்.

அந்தச் சொல்லை வெட்டிக் கொடுத்தவள் நான்தான். போன மாரியில் அக்காவுக்கு டெங்கு. இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, தொட்ட இடமெல்லாம் நீலமாய்க் கண்டிப்போய்க் கிடந்தாள். டொக்டர் அதற்கு அந்த நீளப் பெயரைச் சொன்னதும் அம்மா ஓவென்று அழுதார். நான் அப்போது தாதியர் பயிற்சியில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் கட்டில் சட்டத்தில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன். 'பீ'யில் அழுத்தம் விழவேண்டும், கடைசி இரண்டும் வழுக்கிப் போகவேண்டும். சொல் வாய்க்குள் அடங்கியதும் அம்மாவின் அழுகை நின்றது.

அக்கா சுகமாகி வந்த பிறகு, வாவிக் கரையில் மீன் வாங்க நின்றவர்களிடம் அத்தான் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார். 'டோ'வை விழுங்கிவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே திருத்தினாள்.

"மனிசி படிப்பிக்கிறா, சிலேட்டக் கொண்டு வா மச்சான்!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போனதும் அத்தான் சவளை எடுத்தார்.

பிறகு அவரே ஆஸ்பத்திரிக்கும் கூட்டி வந்தார். ஓடி வந்த என்னிடமும் அம்மாவிடமும் அக்கா நடந்ததை மெல்லச் சொல்லிவிட்டாள். "பழைய வருத்தம் திரும்பிட்டு, டொக்டர். த்ரொம்போசைட்டோபீனியா."

ஒரு துண்டும் தப்பவில்லை. அழுத்தம்கூட இடம் பிசகாமல் விழுந்தது. நான் டொக்டர் பக்கம் திரும்பினேன்.

"வாயப் பொத்து புள்ள, குடும்பம் நாறிடும்" என்று அம்மா என் கையை நசுக்கினார்.

டொக்டர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "தட்டணு நல்லாத்தானே இருக்கு?"

"அந்த வருத்தத்தில கண்டல் இப்பிடிப் பலகை அகலத்துக்கு வராது டொக்டர். அடிச்சவர் இந்தா நிக்கிறார்" என்றேன்.

"ரெண்டெழுத்துப் படிச்சிட்டு எனக்கு வைத்தியம் பேசுறியாடி?"

அத்தான் என் கொண்டையைப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினார். இரண்டாம் தரம் மோதுவதற்குள் அக்கா எழும்பிவிட்டாள். சேலைன் குழாய் அறுந்து கையிலிருந்து இரத்தம் சீறியது. அம்மா கொண்டுவந்த சோற்றுக் கரியரைத் தூக்கி அவர் மூக்கில் அடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. விழுந்தவரை மறுபடியும் அடித்தாள். மீன்குழம்பும் இரத்தமும் அவர் வாய்க்குள் ஒழுகின. காவலாளிகள் வந்து அவரை இழுத்தார்கள்.

"என்ட வீட்டுப் படியில கால் வெச்சுப் பாரு, கொண்டு போட்டிருவன்!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார் அத்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். ஆண் கலியாணம் முடித்து அங்கே வந்து குடியிருப்பான். உடுப்புப் பையோடு வந்தவருக்கு அது மறந்துபோயிற்று.

"எந்த வீடு?" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "உறுதிப் பத்திரம் என்ட பேருல. அம்மா, இவர்ர உடுப்புகளக் கட்டி வெளியில வையுங்க."

அம்மா என் நெற்றியில் வழிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

"பூட்டும் ஒண்டு வாங்கிட்டுப் போறன்" என்று சொல்லி, பஸ்ஸுக்கு நடந்தார்.