மூக்குக் குழாயில் கம்பங்கஞ்சி

பாலம்மாளைப் பழி சொல்லுகிற வாயில் மண்ணள்ளிப் போடுவேன். ஆறு மாதமும் அடுத்த வீட்டிலிருந்து பார்த்தவள் நான்.

அவள் புருஷன் வன்னியபெருமாள் புதூர்ப் பக்கம் கரிசலில் ஆடு மேய்த்த மனுஷன். பக்கவாதம் வந்து படுத்தார். விழுங்க முடியாமல் போனது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாயை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெயப்பிரியா என்ற நர்ஸ் பாலம்மாளிடம் படித்துப் படித்துச் சொன்னாள். கஞ்சியை ஆறவைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் மாதிரி கொடுக்க வேண்டும், சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும், அமுக்கவே கூடாது.

ஆறு மாதம் அப்படியே ஊற்றினாள். மனுஷன் உயிரோடு கிடந்தால் போதும் அவளுக்கு. கல்யாண வீடு, கோயில் கொடை எதற்கும் போகவில்லை. பங்குனியில் ஒருநாள் அவர் வலதுகை அவள் விரலை இறுக்கிப் பிடித்தது. அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் பக்கம் ஆம்பிளைக்கு ஊற்றுகிற கம்பங்கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும். நீர்க்க ஊற்றினால் அவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். அண்ணனைப் பார்க்க வந்த நாத்தனார் முப்பிடாதி, சிரிஞ்சை எட்டிப் பார்த்துவிட்டு பார்க்க வந்திருந்த அத்தனை சனத்துக்கு முன்னால் கேட்டாள்.

"ஏன் மதினி, எங்க அண்ணனுக்குக் கழனித்தண்ணியா ஊத்துதீங்க?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பாலம்மாள் முகம் செத்துப்போனது. நர்ஸ் சொன்னதை நானாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர்களுக்குள் நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், பாவி.

மறுநாள் மாவைக் கூட்டிப் போட்டுக் காய்ச்சினாள். அடுப்பில் இளகலாகத்தான் இருந்தது. ஆனால் கம்பு ஆற ஆற இறுகும். பென்சில் கனம்கூட இல்லாத அந்தக் குழாய்க்குள் கஞ்சி பாதியில் நின்றுவிட்டது. சிரிஞ்சை உயர்த்தினாள், இறங்கவில்லை. கை எட்டுமட்டும் உயர்த்தினாள், அப்போதும் அசையவில்லை. பசியோடு கிடக்கிறாரே என்று தவித்துப்போய், சிரிஞ்சுத் தண்டைச் செருகி அமுக்கினாள். களைவெட்டி உரமேறின கை. அடைப்பு சட்டென்று விட்டு மொத்தக் கஞ்சியும் ஒரே பாய்ச்சலாக உள்ளே போனது. மனுஷனுக்கு எதுக்களித்து, தொண்டைவரை வந்து, நெஞ்சுக்குள் புரையேறிவிட்டது.

மறுபடியும் கோவில்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நுரையீரலில் கஞ்சி இறங்கிவிட்டது என்றார்கள். மூன்று நாள் மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. நாலாம் நாள் அதுவும் நின்றது.

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து முப்பிடாதி மாரடித்தாள். கடைசிவரைக்கும் ஒரு வாய் கெட்டியாகக் குடிக்காமல் போய்விட்டாரே எங்கள் அண்ணன் என்று ஒப்பாரி வைத்தாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல வந்தது.

பாலம்மாள் அழவில்லை. முப்பிடாதி பக்கம் திரும்பி, சத்தம் போடாமல் சொன்னாள்.

"கெட்டியாக் குடிச்சிட்டுத்தாம்ட்டி போனாவ. நாந்தான் ஊத்துனேன்."