அடுப்புக்கு மேலே உருகிய படை

அந்த ஞாயிறு காலையில் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் அம்மாவும் தங்கை மலரும் நானும் இருந்தோம். என் நண்பன் ரூபன் இன்னும் வரவில்லை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவன், ஒரே நாள் லீவில் என்னோடு போர் விளையாட்டு ஆடுவதற்காகவே ரயிலில் வந்துகொண்டிருந்தான்.

மேசைமேல் ஆடும் அந்த விளையாட்டுக்குச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் வீரர்கள் வேண்டும். இரண்டு படைகளுக்கும் மாதக்கணக்கில் வர்ணம் பூசினேன். மழையில் வர்ணம் காயவில்லை. ஈரத்துணியைக் காயப் போடுவதுபோல, இரவு அந்த வீரர்களையும் விறகடுப்புக்கு மேலே வைத்தேன். விடிந்தபோது எல்லோரும் உருகி ஒட்டிக் கிடந்தார்கள்.

"அழுவாத அண்ணே. நெட்டுல ரெடிமேடா அட்டை வீரனுங்க இருக்கு. அச்சடிச்சு மடிச்சு ஒட்டினா நிக்கும்" என்றாள் மலர்.

அது ஏமாற்று வேலையாகத்தான் எனக்குத் தோன்றியது. ஆனால் ரூபனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. டவுனுக்கு ஓடி, கலரில் அச்சடித்து வந்தேன். மூவருமாக வெட்டி ஒட்டினோம்.

ரூபன் வந்ததும் குனிந்து பார்த்தான். "டேய், பக்கவாட்டுல பார்த்தா ஒன் படையவே காணோமேடா!"

சிரித்த அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "இப்பதான் தம்பி, இவனுங்க மூஞ்சி தெரியுது. நீ பூசினதெல்லாம் கம்பளி போத்துன மாதிரியில்ல இருந்துச்சு! அந்த மீசைக்காரன நான் நடத்துறேன்."

அன்று ஜெயித்தது அம்மாதான்.

அத்தனை மாதமும் மூலையில் முதுகைக் காட்டியபடி பூசிக்கொண்டிருந்த நான், அவரை ஒருநாளும் ஆடக் கூப்பிட்டதில்லை. அச்சு, அட்டை, பசை எல்லாம் சேர்த்து அன்று ஆன செலவு ஐந்நூற்று எண்பது ரூபாய்.