மாப்பிள்ளை செய்த ஆர்டர் பக்கம்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஒற்றை அடுப்பில் தொடங்கி ராபர்ட்சன்பேட்டையில் மூன்று மாடி மெஸ் கட்டியவன். இதில் ஒரு செங்கல்லுக்குக்கூட எந்தப் பட்டதாரியிடமும் யோசனை கேட்டதில்லை.

பெங்களூரில் வேலை முடித்து சாயங்கால ரயிலில் திரும்புகிறவர்கள் வண்டியிலிருந்தே பார்சல் சொல்லிவிடுவார்கள். இறங்கியதும் வாங்கிப் போவார்கள். போனில் கேட்டு எழுதிக் கை ஓய்ந்தது. அதற்கென்று ஒரு வெப் பக்கம் வேண்டும் என்று நினைத்தேன்.

என் மூத்த மாப்பிள்ளையும் அந்த ரயில்காரர்தான். கம்ப்யூட்டர் வேலை. வண்டியில் போய்வந்தே முதுகு போயிற்று, மெஸ் கல்லாவில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று மகளை விட்டுக் கேட்டார்.

"பக்கத்த செய்யச் சொல்லு. ஓடுச்சுன்னா கல்லா. ஓடலன்னா ரயிலு" என்றேன்.

இரண்டு மாதம் செய்தார். பெரிய கம்பெனிகள் வைத்துக்கொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்காம்; பக்கம் கட்ட ஆயத்தமாய்க் கிடைக்கும் சாரம் மாதிரியாம். அவர் ஆபீஸ் வைஃபையில் பட்டென்று திறந்ததாம். நான் அங்கேயா பார்சல் விற்கிறேன்? அவரோடு ரயில் ஏறினேன். பங்காருபேட்டை தாண்டி சிக்னல் இளைக்கும் இடத்தில், எதிரே இருந்த வாடிக்கைக்காரரின் பழைய போனில் திறக்கச் சொன்னேன். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது.

"இன்னா மாப்ள, மாவு ஆட்டுறீங்களா?"

பெட்டியே சிரித்தது.

"புரோகிராம் மொத்தமும் போன்ல எறங்கணும் மாமா, அப்பறந்தான் மெனு வரும். நாளைக்குப் பத்து கிளை தொறந்தாலும் தாங்கும்."

"பத்து கிளைய நான் பாத்துக்கறேன். நீங்க இன்னிக்கு ஒரு இட்லிய காட்டுங்க."

நாங்கள் இறங்கும் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வரை சுற்றியது. இட்லி வரவில்லை. பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்க்க, "ஒரு வாரம் குடுங்க, சின்ன ஃபிரேம்வொர்க்ல மாத்திடறேன்" என்றார்.

"சின்னது இருக்குதுன்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மாமா. சின்னதுல செஞ்சா நீங்க மதிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"இப்ப மட்டும் மதிக்கிறனா?"

தலை குனிந்துகொண்டார். குனியட்டும்.

அந்த ஒரு வாரத்தை நான் கொடுக்கவில்லை. மெஸ்ஸில் பார்சல் கட்டும் பெண்ணொருத்தி இதே வேலையைக் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்திருந்தாள்; அவளிடம் கொடுத்தேன். கையடக்கமான ஒரு ஃபிரேம்வொர்க்கை எடுத்தாள். மெனு வெறும் எழுத்தாக முதலில் வந்துவிடும்; எத்தனை பார்சல் என்று கூட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் புரோகிராம். ஒன்பதே நாளில் முடித்தாள். கல்லாவில் அவளையே உட்கார வைத்தேன்.

மாப்பிள்ளை இன்றும் ரயிலில்தான் போய்வருகிறார். வீட்டுக்குப் பார்சலை அவள் செய்த பக்கத்தில்தான் சொல்கிறார். வீட்டு மாப்பிள்ளை என்று வரிசையில் முந்தி எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மகள் என்னோடு பேசி ஒரு வருடமாகிறது. பக்கம் நன்றாக ஓடுகிறது.