மணி அடிக்காத திருந்தாதி

பெர்னடெட் ரீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். யாழ்ப்பாணத்துக் குருநகர் மீன் சந்தையில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து வளர்ந்தவர், வேறெப்படி இருப்பார்? கொழும்பில் சிறப்புக் கல்விப் பயிற்சி முடித்து, பிள்ளைகளைச் சோதிக்கும் படங்களும் கட்டைகளும் அடங்கிய பெட்டியோடு 1993இல் ஊர் திரும்பினார். போரால் தரைவழி மூடியிருக்க, கிளாலிக் கடலைப் படகில் தாண்டுவதற்குள் பெட்டி ஊறிக் கூழாகிவிட்டது.

"போகட்டும். கள்ள விளையாட்டு விளையாடியே பிள்ளையளின்ரை குறையளைக் கண்டுபிடிச்சிடுவன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். புளியங்கொட்டை பங்கிடும்போது வேண்டுமென்றே ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பார். சண்டைக்கு வருகிற பிள்ளைக்கு எண்ணத் தெரியும். பேசாமல் இருக்கிற பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் அடுத்த வகுப்பு ஆசிரியை. நடுவே ஓர் ஓலைத் தட்டிதான். காதில் விழாததை எட்டிப் பார்ப்பேன்.

அவர் வகுப்பில் இருந்த, மக்டலீனின் மகள் கத்தரீனாவுக்கு எட்டு வயது. கூப்பிட்டால் வரமாட்டாள், கேட்டால் பதில் சொல்லமாட்டாள். அவளுக்குப் பின்னால் நின்று பெர்னடெட் தகர மூடியைத் தட்டினார். வகுப்பே துள்ளியது, அவள் அசையவில்லை.

"பிள்ளைக்குக் காது கேக்கேல்லை, சேர்."

அதிபர் செபநாயகம் ஒப்பவில்லை. "மத்தியானம் பன்னிரண்டுக்குக் கோயில்லை திருந்தாதிச் செப மணி அடிச்ச உடனை எழும்பிச் சிலுவை போடுறாளே! இது தடிப்பு, திமிர். இனி வீட்டோடை வைச்சிருக்கச் சொல்லுங்கோ."

தாயும் அதையே நம்பினாள். அந்தத் தடிப்பை முறிக்கப் பூவரசங்கம்பு வைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெர்னடெட்டோ சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

பள்ளிப் பதிவில் கத்தரீனாவின் பெயரை வெட்டுவதற்காக அதிபர் தாயை அழைத்த நாளில், பெர்னடெட் இருவரையும் தன் வகுப்புக்குக் கூட்டி வந்தார். அதற்கு முன்பே கத்தரீனாவைத் தண்ணீர் அள்ள அனுப்பிவிட்டு, மற்றப் பிள்ளைகளிடம் ஏதோ குசுகுசுத்திருந்தார்.

அதிபர் ஒழுக்கத்தைப் பற்றி முழங்கத் தொடங்கினார். பெர்னடெட் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டென்று வகுப்பு முழுவதும் எழுந்து சிலுவை போட்டது. தண்ணீரோடு திரும்பி வந்து உட்கார்ந்திருந்த கத்தரீனாவும் எழுந்து போட்டாள். மக்டலீன் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு போட்டாள். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அதிபரும் கண்ணை மூடிப் பக்தியோடு போட்டார்.

"சேர், மணி அடிச்சதோ?"

"ஓம், வடிவாக் கேட்டுதே!"

"இப்ப பதினொண்டரைதான், சேர்."

அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தட்டிக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மற்ற ஆக்களைப் பாத்துத்தான் நீங்களும் போட்டனீங்கள். கத்தரீனாவும் அப்பிடித்தான் போடுறவள்."

அதிபருக்கு முகம் சிவந்தது. நல்ல மனுசன், பாவம். "உவளை முன் வாங்கிலை இருத்துங்கோ" என்று மட்டும் சொன்னார்.

மக்டலீன் மகளின் முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்புகளைத் தடவிக்கொண்டு அழுதாள். பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ரீச்சர், அப்ப குண்டு போடப் பொம்மர் வந்தா? இவளுக்கு ஆர் சொல்லுறது?"

பெர்னடெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளைகளிடம் திரும்பினார்.

"பிளேன் சத்தம் கேட்டா, பங்கருக்கு ஓடேக்கை கத்தரீனாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடுறது ஆர்?"

எல்லோரும் கையை உயர்த்தினார்கள். கத்தரீனா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத் தானும் கையை உயர்த்தினாள்.