இரண்டு பேருக்கு ஒரு வீடு

கேதீஸ்வரன் தண்ணீர்த் திணைக்களத்தில் படம் வரைபவன். நிலத்துக்கடியில் போகும் குழாய்கள் எங்கே வளைகின்றன, எங்கே பிரிகின்றன என்று கோடு போடுவது வேலை. கொழும்பில் பதினொரு வருடம் அதைச் செய்தான். எழுபத்துமூன்றில் மெல்பனுக்கு வந்த பிறகும் அதையே செய்தான். நாற்பத்தொரு வயது. அதிகம் பேசமாட்டான். யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. அதை எல்லோரும் அவனுடைய நல்ல குணம் என்றார்கள்.

மனைவி யோகா. பிள்ளைகள் இல்லை. மெல்பனின் புறநகரான ஸ்பிரிங்வேலில் ரயில் பாதையை ஒட்டிய பிளாட். அந்தப் பக்கத்தில் அப்போது ஆறேழு தமிழ்க் குடும்பங்கள்தான் இருந்தன. யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. டண்டினொங் சந்தைக்குப் போகிறவர்கள் போகும்போது ஒரு தரமும் திரும்பும்போது ஒரு தரமும் வீட்டுக்கு ஏறுவார்கள். கதவு தட்டப்படாத சனி ஞாயிறு கிடையாது. யோகாவுக்கு அது பிடித்திருந்தது. தட்டுகிற சத்தத்திலேயே யார் என்று சொல்லிவிடுவாள்.

எழுபத்தாறு ஜனவரி கடைசியில் பரிசோதனை முடிவுகளைக் கேட்க இருவரும் போனார்கள். யோகா ஆங்கிலம் வாசிப்பாள், எழுதுவாள். இந்த ஊர்க்காரர் வாய்க்குள்ளே பேசுவது மட்டும் அவளுக்குப் பிடிபடாது. டாக்டர் அவளைப் பார்த்தே பேசினார். புற்றுநோய் ஈரலில் பரவிவிட்டது. வெட்டிப் பயனில்லை. மூன்று மாதம், நன்றாக இருந்தால் நாலு. இப்போதைக்கு நடமாடலாம், விரும்பியதைச் சாப்பிடலாம். செய்ய ஆசைப்பட்டதை இப்போதே செய்துவிடுங்கள். பிறகு நிறுத்தி, கேதீஸ்வரன் தமிழில் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"என்னவாம்?" என்றாள் யோகா.

"ஈரலில கொஞ்சம் வீக்கமாம். குளிசை தருவாராம். ஓய்வா இருக்கட்டாம்."

அவள் டாக்டரைப் பார்த்துச் சிரித்து, "தாங்க் யூ" என்றாள். டாக்டர், மிகவும் தைரியமான பெண் என்றார். அதை மட்டும் கேதீஸ்வரன் அப்படியே தமிழில் சொன்னான்.

"பின்னே? ஊசிக்குப் பயப்படாத ஆள்தானே நான்," என்றாள் யோகா.

ஒரேயடியாக மறைக்க அவன் நினைக்கவில்லை. சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தான். பிளாட்டில் முடியாது. அழத் தொடங்கினால் யாராவது கதவைத் தட்டுவார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போவாள்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் நாலு வரி விளம்பரம் பார்த்தான். மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கிராமம், மெல்பனிலிருந்து மூன்று மணி நேரம். சிறு வீடு வார இறுதிகளுக்கு வாடகைக்கு. கடிதம் போட்டான். மிஸிஸ் ஹட்சின்ஸ் என்ற கிழவி பதில் எழுதியிருந்தாள். வீடு இறந்துபோன தங்கையுடையது. விறகு அடுப்பு, தாங்கியில் பிடித்த மழைத் தண்ணீர். டெலிபோன் இல்லை. அயல் வீடு அரை மைல். படுக்கை விரிப்புகளை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். இரண்டு பேர்தானே, மிகவும் வசதியாக இருக்கும்.

டெலிபோன் இல்லை என்ற வரியை அவன் இரண்டு தரம் வாசித்தான். பெப்ரவரி மூன்றாம் வாரம் என்று முடிவு செய்தான். சனிக்கிழமை பின்னேரம் சொல்ல வேண்டும். ஞாயிறு முழுக்க அவர்களுக்கு இருக்கும்.

யோகா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "என்ன இது, புதுப் பழக்கம்? வெள்ளைக்காரர் மாதிரி."

"டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னவர்."

"ரெண்டு பேருக்கு ஒரு முழு வீடோ?" என்றாள். ஆனால் கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் வேலை முடிந்து வரும்போது இந்திரகுமாரும் மனைவி வைதேகியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இந்திரகுமார் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். எந்த வீட்டுக்குப் போனாலும் நேராகக் குசினிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்க்கிறவன்.

"அண்ணை, கேள்விப்பட்டன். அக்காவைக் காட்டுக்குள்ள கடத்திக்கொண்டு போறீங்களாம். பதினாலு வருசத்துக்குப் பிறகு ஹனிமூனோ?"

எல்லோரும் சிரித்தார்கள். வைதேகி, "வெக்கப்படுறார் பாருங்கோ," என்றாள். கேதீஸ்வரனும் சிரித்தான். அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

"இவையும் வருகினம்," என்றாள் யோகா. "பிள்ளையள் இஞ்ச வந்து ஒரு மாட்டைக்கூடக் கிட்டப் பார்க்கேல்லை. ராஜரத்தினம் அண்ணைக்கும் சொல்லியிருக்கிறன். ஞானம்மாள் அக்கா மீன் பொரிச்சுக்கொண்டு வருவா."

"அங்கே ரெண்டு கட்டில்தான், யோகா."

"நிலத்தில படுத்தா செத்தோ போவம்?" என்றாள்.

அடுத்த நாள் காருக்குள் வைத்து, "நாங்கள் மட்டும் போவமே?" என்று கேட்டுப் பார்த்தான்.

"ஏன், அவையோட ஏதும் கோவமோ?"

"இல்லை."

"பின்னே?"

ரயில் கடவை மூடியிருந்தது. ஒரு நீண்ட சரக்கு ரயில் போய் முடியும் வரை நேரம் இருந்தது. "சும்மா கேட்டனான்," என்றான்.

பெப்ரவரி மூன்றாம் சனிக்கிழமை இந்திரகுமாருக்கு ஓவர்டைம் வந்தது. மார்ச் தொடக்கத்தில் வரும் நீண்ட வார இறுதிக்குத் தள்ளிவைத்தார்கள். மிஸிஸ் ஹட்சின்ஸ் பரவாயில்லை என்று எழுதினாள். மார்ச் முதலாம் தேதி சாவகச்சேரியிலிருந்து தந்தி வந்தது. இந்திரகுமாரின் பெரியப்பா இறந்துபோனார். முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு, அதுவரை உல்லாசப் பயணம் போக முடியாது. இந்திரகுமாரே வந்து, "நீங்கள் போங்கோ அண்ணை, எங்களை ஏன் பார்க்கிறீங்கள்?" என்றான். அன்றைக்குச் சரி என்ற ஒரு வார்த்தை போதும். கேதீஸ்வரன் அதைச் சொல்ல வாயெடுத்தான்.

"நல்லாயிருக்குது கதை," என்றாள் யோகா. "துடக்கு வீட்டுக்காரரை விட்டிட்டு நாங்கள் போய் ஆடிப் பாடுறதோ? ஈஸ்டருக்குப் போவம். அந்த வீடு எங்க ஓடப்போகுது?"

அவன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தான். ஈஸ்டர் ஏப்ரல் பதினெட்டு. ஜனவரி கடைசியிலிருந்து எண்ணினான். "ஓம்," என்றான்.

அந்த மாதம் யோகா மெலிந்தாள். குளிசைகள் வாய்க்கு ருசியில்லாமல் செய்துவிட்டன என்று நம்பினாள். ஆனாலும் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவளை அப்படி உற்சாகமாக அவன் பார்த்ததில்லை. புட்டுக்கு மா வறுத்தாள். மிளகாய்த்தூள் இடித்தாள். ஓர் அப்பியாசக் கொப்பியில் என்னென்ன கொண்டுபோவது, யார் எங்கே படுப்பது என்று எழுதி, அழித்து, திரும்ப எழுதினாள். பெரிய அறை வைதேகிக்கும் பிள்ளைகளுக்கும். முதுகு நோவுள்ள ராஜரத்தினம் அண்ணைக்குக் கட்டில். பின்னேரங்களில் கேதீஸ்வரன் எதிரே கதிரையில் உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இதுவே நல்லது, சொல்லாமலே இருந்துவிடலாம் என்று சில நாள் நினைத்தான். சில நாள் சொல்லவென்று எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி அவளுடைய கண்கள் மஞ்சளாயின. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நாலு.

மூன்றாம் நாள் அவன் போனபோது அவள் கொப்பியை மடியில் வைத்திருந்தாள்.

"எங்கள் ரெண்டு பேருக்கும் இடமில்லை. விறாந்தையில படுப்பம், என்ன? உங்களுக்குக் குளிர் ஒத்துவராது. அந்தப் பழைய கம்பளியை மறக்காமல்—"

"யோகா. நாங்கள் போகேலாது."

"ஏன், பிறகும் ஓவர்டைமோ?"

அவன் சொன்னான். அவன் நினைத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு டொக்டர் சொன்னது வேறு, நான் உமக்குச் சொன்னது வேறு என்று தொடங்கி, டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொல்லி முடித்தான்.

அவள் அழவில்லை. "எண்டைக்குச் சொன்னவர்?"

"ஜனவரியில."

அவள் விரல்களை மடித்து எண்ணினாள்.

"முதல்ல எங்கள் ரெண்டு பேருக்கும்தானே அந்த வீடு எடுத்தனீங்கள்?"

"ஓம்."

"இதைச் சொல்லத்தானோ?"

"ஓம்."

"அப்ப ஏன் வைதேகியைக் கூப்பிட விட்டனீங்கள்?"

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கேக்கிறன், சொல்லுங்கோ. உங்களுக்கு வாயில்லையோ? இந்திரன் ஹனிமூன் பகிடி விட்டானெண்டு பேசாமல் இருந்தனீங்களோ? நான் ஆக்களுக்குப் பாய் எண்ணிக்கொண்டிருந்தனே. ரெண்டு மாசம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒருத்தரையும் கூப்பிட்டிருக்கமாட்டன். ஒருத்தரையும். நாங்கள் போயிருப்பம்."

கதவருகே சத்தம் கேட்டது. வைதேகி ரசம் ஊற்றிய பிளாஸ்க்கோடு வந்தாள். பின்னால் இந்திரகுமாரும் பிள்ளைகளும். பயணத்துக்கு வாங்கிய மஞ்சள் மழைக்கோட்டுகளை யோகாவுக்குக் காட்ட வேண்டுமென்று பிள்ளைகள் போட்டுக்கொண்டே வந்திருந்தன.

யோகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகளைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தாள். "நல்ல வடிவா இருக்குது," என்றாள். ரசத்தில் இரண்டு கரண்டி குடித்தாள். இந்திரகுமார், "இந்தச் சாட்டில எங்களை ஏமாத்தலாமெண்டு நினைக்காதையுங்கோ அக்கா, புட்டு மாவை நான் அளந்து வைச்சிருக்கிறன்," என்றான். அவள் சிரித்தாள். நாலு மணி வரைக்கும் அவர்கள் இருந்தார்கள். அவள் ஒரு தரம்கூடக் கேதீஸ்வரனைப் பார்க்கவில்லை.

எல்லோரும் எழுந்து போனபோது அவன் கடைசியாக நின்றான்.

"நாளைக்கு ஒருத்தரையும் வரவிடாதேங்கோ," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

அன்று பின்னேரமே அவன் ஒவ்வொரு வீட்டுக்கும் டெலிபோன் எடுத்தான். நாளைக்கு வரவேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டார்கள். வரவேண்டாம் என்று மட்டும் திரும்பச் சொன்னான். ஞானம்மாள் அக்கா, "நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள், தம்பி?" என்று அழுவது போலக் கேட்டாள். "வரவேண்டாம் அக்கா," என்று சொல்லி ரிசீவரை வைத்தான்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய் நின்றான். காலையில் நோவு கூடியதால் ஊசி போட்டிருப்பதாக நர்ஸ் சொன்னாள். இனி விழிப்பாள் என்று சொல்வதற்கில்லை, நீங்கள் பேசுங்கள், சில வேளை கேட்கும் என்றாள்.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுப் போனாள். கேதீஸ்வரன் உட்கார்ந்தான். யாரும் வரவில்லை. அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, மிகவும் யோசித்து, "யோகா, நாங்கள் மட்டும்தான்," என்றான். பிறகு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.