முஸ்பிறாவின் இரும்பு பெட்டரி

கல்முனைக்குடியில் எங்கள் அடுத்த வளவுக்காரி முஸ்பிறா. கடலுக்குப் போன புருஷன் ஜவாத் இடுப்பு அடிபட்டுப் படுத்த பிறகு, பழைய ஓட்டோ ஒன்றின் எஞ்சினைக் கழற்றிக் கரண்டில் ஓடும்படி மாற்றி, பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய்த்தான் அந்த வீட்டில் உலை கொதிக்க வைத்தாள். பொம்பிளையே கூட்டிப் போகிறாள் என்று தாய்மாருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியை ஒரு சொல் கெடுத்தது.

ஓட்டோத் தரிப்பிடத்தில் தலைவன் மாதிரி நடந்துகொள்ளும் அச்சிமுகம்மது, வண்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டான். அவளுக்கு மறைக்கத் தெரியாது. வண்டியை மாற்றிக் கொடுத்த மெக்கானிக் பாஸ் சொன்னதையே சொன்னாள். லித்தியம் பெட்டரிக்குள் ஒரு பக்கத் தகட்டில் பென்சில் கரி பூசியிருக்கும். மற்றப் பக்கத்தில் இரும்பும், வயலுக்குப் போடும் பசளையில் இருக்கிற பொஸ்பேற்றும் சேர்ந்த பொடி. இரண்டுக்கும் நடுவில் லித்தியம் போய்வரும்போது வண்டி ஓடும். இரும்புக்குப் பதிலாக நிக்கல், கோபால்ட் பூசினால் கூடத் தூரம் ஓடும், ஆனால் சூடேறினால் சீக்கிரம் தீப்பிடிக்கும். பிள்ளைகள் ஏறும் வண்டி என்றுதான் இரும்பைக் கேட்டு வாங்கினாளாம்.

அவன் காதில் ஏறியது இரும்பு ஒன்றுதான். அஸர் தொழுகைக்குள் ஊரெல்லாம் கதை. கடலடியில் இருக்கிற எங்களுக்கு இரும்பு என்றால் துரு. ஜன்னல் கம்பியும் கேற்றும் உப்புக் காற்றுக்கு நிற்பதில்லை. அப்படியென்றால் முஸ்பிறாவின் பெட்டரியும் துருப்பிடித்துப் பிள்ளைகளோடு வெடிக்கும் என்று முடிவுகட்டினார்கள். இது கம்பி இல்லை, வேறொன்றோடு கட்டுண்ட பொடி, காற்றுப் புகாமல் அடைத்திருக்கிறது என்று வாசல் வாசலாகச் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? ஒவ்வொரு பிள்ளையாக நின்றது. கடைசிவரை அனுப்பிய றம்லாவும் மகள் அப்ராவை மறித்துக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. பெற்றோல் கிடைக்காத காலத்தில் இதே ஆம்பிளைகள் காலடியில் பெற்றோல் கேனை வைத்துக்கொண்டுதான் இதே பிள்ளைகளை ஏற்றினார்கள். ஒரு தாய் வாய் திறந்தாளா? தலையணைக்குக் கீழே போன் சூடாகிக் கிடக்கிறது. அதிலும் லித்தியம்தான், அநேகமாகக் கோபால்ட் பூசியது. அதைக் கேட்பாரில்லை. பொம்பிளை ஓட்டினால் மட்டும் உள்ளே என்ன என்று விசாரணை.

முஸ்பிறா நிறுத்தவில்லை. வெறும் வண்டியோடு அதே வாசல்களில் நின்று ஹோன் அடித்துவிட்டுப் போவாள். சத்தமில்லாத வண்டி, அந்த ஹோன்தான் அவள் வந்ததற்கு அடையாளம். ஒரு கேற்றும் திறக்கவில்லை. வண்டியை விற்போம் என்று ஜவாத் சொல்லத் தொடங்கிவிட்டான்.

அதன் பிறகுதான் ஒரு காலையில் அவளை மறித்துக் கிழவி நான் ஏறினேன். பெட்டரி எங்கே என்று கேட்டு, அதற்கு மேலேயே குந்தினேன். தரிப்பிடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

அச்சிமுகம்மது பல்லைக் காட்டினான். "என்ன பெத்தா, இரும்புக்கு மேல இரிக்கிங்க. துருப்புடிக்கப் போகுது."

"எனக்குப் புடிச்சி எத்தின காலம். ஒன்ட மடியில இரிக்கிற போனுக்குள்ள என்ன பூசியிரிக்கெண்டு சொல்லு மகன், நான் எறங்கிர்றன்."

அவன் சாரத்து மடியைத் தொட்டுப் பார்த்தான். சிரித்தது பக்கத்தில் நின்றவர்கள்.

றம்லாவின் வாசலில் ஹோன் அடித்ததும் கேற் திறந்தது. அப்ரா புத்தகப்பையோடு வந்து என்னை ஒட்டிக் குந்தினாள்.

"பெத்தா இரிக்கிறதாலதான் அனுப்புறன்" என்றாள் றம்லா.

இப்போது இன்னும் சில பிள்ளைகள் ஏறுகின்றன. நான் இருந்தால் மட்டும். அவ்வளவு யோசித்து அவள் வாங்கிய இரும்பில் நம்பிக்கையில்லை, இந்தக் கிழட்டு உடம்பில் நம்பிக்கை. நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஆனாலும் அவள் ஹோன் அடித்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பிப் போகிறேன்.