குடும்பத்துடன் செலவிட்ட நேரம்

மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிற அந்தப் பெண்ணுக்கு ஹாஸ்டலில் பெடல் என்று பெயர். சேர வந்த அன்றைக்குப் பெட்டி, படுக்கையோடு ஒரு சைக்கிளையும் லாரியிலிருந்து இறக்கினாள், அப்போது ஒட்டிய பெயர். லாரியை ஓட்டிக்கொண்டு வந்தவர் அவளுடைய அப்பா. வண்டி அவருடையது இல்லை, கம்பெனி வண்டி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை காலையில் வீடு வந்து சேருவார், ஞாயிறு விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அவருக்கு வீடு என்பது அந்த ஒரு நாள்தான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறாம் வகுப்பிலிருந்தே அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தம். ஊருக்கு வெளியே அணைக்கட்டுக் கரைமேல் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவார்கள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவார். அவள் மேலே போய் நின்றுகொண்டு, பத்து டன் ஏற்றின வண்டியே இதைவிட வேகமாக ஏறுமே என்று கிண்டல் பண்ணுவாள். பேச வேண்டியதையெல்லாம் அங்கேதான் பேசுவார்கள். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அவள் முதன்முதலில் சொன்னதும் அந்த ஏற்றத்தில்தான். அப்பா சைக்கிளைத் தள்ளுவதை நிறுத்தவே இல்லை, படி என்றார், அவ்வளவுதான்.

கல்லூரிக்கு வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. சனிக்கிழமை ஒரு மணிக்கு வார்டு முடிந்ததும் வெள்ளைக் கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஒன்றே கால் பஸ்ஸுக்கு ஓடுவாள். மூன்றரைக்கு வீடு. போகும்போதும் வரும்போதும் மடியில் புத்தகம். வாழ்க்கையைச் சமமாக வைத்துக்கொள்வது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பஸ் நேரம் தெரியும், அது போதுமாக இருந்தது.

மூன்றாம் வருஷத்தில் வந்தது வினை. இன்றைக்கு ஒரு சிறப்பு வகுப்பு, அடுத்த வாரம் ஒரு தேர்வு என்று சனிக்கிழமை மதியங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்கள். பெடலுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். குடும்பத்துக்கும் உடற்பயிற்சிக்கும் வெளிக்காற்றுக்கும் எங்களுக்கு நேரமே இல்லை, சனிக்கிழமை மதியத்தையாவது எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்று பணிவாக, தப்பில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதினாள். வகுப்பே கையெழுத்துப் போட்டது. நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அதைத் துணை முதல்வரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

துணை முதல்வர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குரலை உயர்த்த மாட்டார், யாரையும் வா போ என்று பேச மாட்டார். மனுவை இரண்டு தடவை படித்தார், மனசைத் தொட்டுவிட்டது என்றார். இரண்டே வாரத்தில் நடவடிக்கையும் எடுத்தார். என்ன நடவடிக்கை தெரியுமா? சனிக்கிழமைதோறும் இரண்டிலிருந்து ஐந்துவரை வாழ்க்கைச் சமநிலை வகுப்பு. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். வருகை தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள், 'குடும்பம், உடற்பயிற்சி, வெளிக்காற்று' என்று. அவள் எழுதின வார்த்தைகள், அதே வரிசையில்! முதல் நாள் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த யோசனையைத் தந்த மாணவி என்று கைதட்டவும் வைத்தார். தட்டின நூற்றுப் பதினொரு பேரும் அவளை என்ன பார்வை பார்த்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். அறைத்தோழி ஒரு வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை. யாராவது நம்புவார்களா இதை? மூச்சு முட்டுகிறது, ஜன்னலைத் திற என்று கேட்டால், ஜன்னலைப் பற்றி மூன்று மணி நேரம் பாடம் எடுக்கிறார்கள்.

வகுப்பைத் துணை முதல்வரே எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஒரு பசுமையான மலையை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் அடிவாரத்தில் நீங்கள் நடக்கிறீர்கள் என்பார். அந்த அறையின் மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே ஒரு மலை இருக்கிறது. ஏசி வீணாகும் என்று திரையை இழுத்து மூடியிருந்தார்கள். பெடல் கண்ணை மூடவே மாட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள். ஒன்றே கால், போய்விட்டது. அதற்கப்புறம் அவள் ஊருக்கு நாலு மணிக்குக் கடைசி பஸ், அதுவும் போச்சு. ஞாயிறு காலையில் போகலாம் என்றால் அப்பா அதற்குள் எந்த நெடுஞ்சாலையிலோ இருப்பார். அம்மாவுக்குப் பேக்கரி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு வரவா ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்காருவது? போவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் கேட்டபோது, வார்டில் வேலை அதிகம் என்று சொல்லி வைத்தாள். உள்ளதைச் சொன்னால் அப்பா வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார் என்று அவளுக்குத் தெரியும்.

இதோடு விட்டார்களா? ஆளுக்கொரு பதிவேடு கொடுத்தார்கள். வாராவாரம் நிரப்பித் தர வேண்டும். குடும்பத்துடன் செலவிட்ட நேரம் என்று ஒரு கட்டம், திறந்தவெளியில் செலவிட்ட நேரம் என்று இன்னொன்று, பெற்றோர் கையெழுத்துக்கு மாதத்துக்கு ஒரு இடம். மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், கூசாமல் அளந்து விட்டார்கள். அறைத்தோழி வாரம் நாலு மணி நேரம் நீச்சல் என்று எழுதினாள். அவளுக்குக் குளியலறையில் வழுக்கினாலே அலறல் வரும். அப்பா கையெழுத்தை எதிர் அறைக்காரி போட்டாள், ஒரு டீக்கு. பெடலுக்கு மட்டும் அது வரவில்லை. நேர்மைத் திலகம் என்றெல்லாம் இல்லை, வீம்பு. நேரத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு நேரம் இருந்ததாக நானே எழுதிக் கொடுக்கணுமா என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வாரம், குடும்பம் என்ற கட்டத்தில் வரிசையாக ஆறு பூஜ்யம் போட்டாள்.

அலுவலக கிளார்க் நல்ல மனுஷி. கூப்பிட்டுச் சொன்னாள், "ஏம்மா, அடுத்த மாசம் ஆய்வுக் கமிட்டி வருது. இப்படி முட்டை முட்டையா போட்டு வெச்சா என்னைத்தான் கேப்பாங்க. ரெண்டு, மூணுன்னு எதையாவது எழுதேன், யாரு வந்து எண்ணப் போறா?" பெடல் தலையை ஆட்டிவிட்டு வந்து ஏழாவது வாரமும் பூஜ்யம் போட்டாள்.

எட்டாவது சனிக்கிழமை இரண்டு மணிக்கு வகுப்புக்குப் போகிற வழியில், துணை முதல்வர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஓடினாள். அப்படியெல்லாம் இல்லை என்று அப்பா அவசரமாகக் கையை ஆட்டினார். நேர்வகிடு எடுத்துத் தலை வாரியிருந்தார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். கல்லூரியிலிருந்து போன் வந்ததாம். உங்கள் பெண் ஏழு வாரமாகக் குடும்பத்தோடு ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, நேரில் வந்து பேசுங்கள் என்றார்களாம். சரக்கை இறக்கிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்துவிட்டார். ஐந்து மணிக்கு அடுத்த லோடு ஏற்றப் போயாக வேண்டும், அந்த ஏற்பாட்டில்தான் கம்பெனியில் விட்டார்களாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிடைக்கிற அந்த ஒரு நாள், அது இந்தப் பெஞ்சுக்குப் போனது.

அவரோடு அங்கேயே உட்காரப் போனாள். அதற்குள் வகுப்பு மணி அடித்துவிட்டது, துணை முதல்வரும் அறையைவிட்டு வெளியே வந்தார். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார், வகுப்பு முடிந்ததும் பேசலாம், கொஞ்சம் இருங்கள் என்றார். பெடல் அனுமதி கேட்டாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று புன்னகையோடு சொன்னார்.

"போ பாப்பா, போ, அட்டெண்டன்ஸ் போயிடப் போகுது. நான் எங்க போறேன், இங்கதானே இருக்கேன்," என்றார் அப்பா.

போனாள். வகுப்பறை அந்தப் பெஞ்சுக்கு எதிரேதான், கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. அதன் வழியே அப்பாவின் முழங்கையும் ஒரு பக்கத் தோளும் தெரிந்தன. அன்றைக்குப் பாடம், முதியவர்களாகும் பெற்றோரும் நம் கடமையும். இரண்டு மணி நேரம் அந்த மனிதர் அவளுக்குக் குடும்பத்தின் அருமையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அவளுடைய குடும்பத்தை வெளியே உட்கார வைத்துவிட்டு! நடுவில் ஒரு தடவை முழங்கை கீழே சரிந்தது, அப்பா தூங்கிவிட்டார். யாரோ நடந்துபோகிற சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு மறுபடி நேராக உட்கார்ந்தார். அழுதால் இந்த ஆள் அதையும் ஒரு கட்டத்தில் எழுதுவார் என்று பெடல் அடக்கிக்கொண்டாள்.

நாலு மணி இடைவேளையில் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். பதிவேட்டைத் திறந்து ஏழு பூஜ்யத்தையும் அப்பாவிடம் காட்டினார். வேலை வேலை என்று ஓடினால் மட்டும் போதுமா, இந்த வயதில் பிள்ளைகளுக்கு நம் நேரம்தானே வேண்டும், பணமா வேண்டும் என்று மெதுவாக, அன்பாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்பா அந்தப் பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "தப்பு என் பேர்லதாங்க சார். இனிமே பாத்துக்கறேன்."

அவளுடைய அப்பா! இடுப்பு வலியோடு பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்த மனுஷன், ஒரு சனிக்கிழமைகூடத் தவறாதவர், இவரிடம் தலையைக் குனிந்து தப்பு என்கிறார். பெடல் வாயைத் திறந்துவிட்டாள். ஒன்றே கால் பஸ்ஸில் ஆரம்பித்து, மனு, பேனர், பூட்டின வீடு என்று ஒன்றுவிடாமல் கொட்டினாள். அப்பா குனிந்த தலையை மெல்ல நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் வேலை அதிகம் என்று இரண்டு மாதமாக நம்பியவர் அவர்.

துணை முதல்வர் கோபப்படவே இல்லை. உங்கள் உணர்வு புரிகிறது என்றார். பேனாவை எடுத்து, இந்த வாரக் கட்டத்தில் '2 மணி நேரம்' என்று எழுதினார். இன்று தந்தை கல்லூரிக்கு வந்து இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார் இல்லையா, நல்ல தொடக்கம், கமிட்டிக்கும் காட்டலாம் என்று சொல்லி, கையெழுத்துப் போடச் சொல்லிப் பதிவேட்டை அப்பா பக்கம் திருப்பினார்.

அப்பா பேனாவை வாங்கினார். எழுதியிருந்ததை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"சார், நான் டிரைவர். எங்களுக்கும் ஒரு புஸ்தகம் உண்டு. ஓடாத கிலோமீட்டரை ஓடுனதா எழுதினா அன்னிக்கே வேலை போயிடும். நான் வெளிய இருந்தேன், இவ உள்ள இருந்தா. இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அப்பா எழுந்து, வர்றேன் சார் என்று மரியாதையாகவே சொன்னார். ஐந்து மணிவரை பாக்கி வகுப்பு இருந்தது. பெடல் அதைப் பற்றி யோசிக்கவில்லை, அவர் பின்னாலேயே நடந்தாள். வாசலில் அப்பா ஒருமுறை திரும்பி, அட்டெண்டன்ஸ் என்று ஆரம்பித்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு லாரியைப் பார்க்க நடந்தார்.

லாரியில் ஏறிப் புறவழிச்சாலை முனைவரை அவரோடு போனாள். நாற்பது நிமிஷம். எதற்கு என்னிடம் மறைத்தாய் என்று ஏழெட்டுக் கிலோமீட்டர் திட்டிக்கொண்டே ஓட்டினார். சொன்னால் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள் என்று அவளும் சண்டை போட்டாள். இப்ப மட்டும் வராமலா இருந்தேன் என்றார் அப்பா. முனையில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். திங்கட்கிழமை கிளார்க்கிடம் பதிவேட்டை வாங்கி, அந்த வாரக் கட்டத்தில் துணை முதல்வர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 40 நிமிடம் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கல்லூரியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. சனிக்கிழமை வாழ்க்கைச் சமநிலை வகுப்பிலிருந்து அனுமதியின்றிப் பாதியில் வெளியேறியதால் அன்றைய வருகை ரத்து செய்யப்படுகிறது, தகுந்த காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று இருந்தது. விவரமாக எழுது, மன்னிப்புக் கேட்டு எழுது, உடம்பு சரியில்லை என்று எழுது என்று ஹாஸ்டலே கூடி நின்று ஆலோசனை சொன்னது. அறைத்தோழி மருத்துவச் சான்றிதழுக்கு ஆள்கூடப் பிடித்துவிட்டாள்.

பெடல் ஒரு முழு வெள்ளைத்தாள் எடுத்தாள். தேதி போட்டாள், பெறுநர் முகவரியை ஒழுங்காக எழுதினாள், பொருள் என்ற இடத்தில் 'காரணம்' என்று எழுதினாள். அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

'என் அப்பா வந்திருந்தார்.'